ஓர் அலை, பல படங்கள்

ஒரே எண்களை வைத்துப் பத்துப் படம் வரையலாம். பத்தும் சரியாகவும் இருக்கலாம். புள்ளிவிபரங்களைக் கோடாகவும் நிறமாகவும் வடிவமாகவும் மாற்றிக் காட்டும் தரவுப்பட வேலையின் வசதியும் அதுதான், தொல்லையும் அதுதான். பொறியியலாளருக்குப் போதாத படம் பாடசாலைப் பிள்ளைக்குத் திகட்டிவிடும். பத்திரிகையில் கண்ணைப் பறித்த வர்ணப்படம் பிரதேச செயலக மேசையில் ஒரு முடிவுக்கும் உதவாமல் கிடக்கும். விபரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் படம் அட்டவணையாகிவிடுகிறது. அழகைக் கூட்டிக்கொண்டே போனால் சுவரொட்டியாகிவிடுகிறது. நடுவில் எங்கே நிற்பது என்பதைப் பார்ப்பவர் யார், எவ்வளவு நேரம் பார்ப்பார், பார்த்த பிறகு என்ன செய்யப் போகிறார் என்ற மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

இலங்கையின் கிழக்குக் கரையில் இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி, அன்றைய இலங்கை நேரப்படி காலை 7 மணிக்கு ஒரு நிமிடம் இருக்கையில், சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் 9.1 அளவில் பூமி அதிர்ந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் அலை மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று மதிலோடு மதிலாக வீடுகள் நெருங்கிக் கிடக்கும் கரையில் ஏறியது. நாட்டில் 30,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல். வேறெந்த மாவட்டத்திலும் இழப்பு இவ்வளவு இல்லை. அந்த ஒரு காலைப் பொழுதை விஞ்ஞானிகளும் அரச திணைக்களங்களும் பத்திரிகைகளும் திட்டமிடலாளர்களும் தத்தம் தேவைக்கு வரைந்தார்கள். அந்தப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அழகும் விபரமும் எப்படி ஒன்றையொன்று இழுக்கின்றன என்பது விளங்கும்.

முதலாவது, அலை வந்துசேரும் நேரத்தைக் காட்டும் படம். அதிர்வு நடந்த இடத்தைச் சுற்றி, குளத்தில் கல் விழுந்தாற்போல, வளையம் வளையமாகக் கோடுகள் விரிகின்றன. ஒவ்வொரு கோடும் ஒரு மணி நேரம். வளையங்கள் ஒரே சீராக இல்லை. ஆழக்கடலில் அலை ஜெட் விமானத்தின் வேகத்தில் ஓடும். அங்கே கோடுகள் அகன்று கிடக்கின்றன. ஆழம் குறைந்த இடத்தில் வேகம் குறையும். அங்கே கோடுகள் நெருங்கிக் கிடக்கின்றன. சுமாத்திராவுக்கும் இலங்கைக்கும் நடுவே ஆழம் அதிகம். அதனால் சுமார் 1,600 கிலோமீற்றரை அலை இரண்டு மணி நேரத்துக்குள் கடந்தது. தாய்லாந்தின் புக்கெட் இதில் மூன்றிலொரு பங்கு தூரத்தில்தான் இருக்கிறது; ஆனால் அந்தமான் கடலின் ஆழம் குறைந்த பகுதியைத் தாண்ட வேண்டியிருந்ததால் அங்கும் ஏறத்தாழ அதே நேரம் பிடித்தது. ஒரு பக்கம் எழுதி விளங்கப்படுத்த வேண்டிய இந்தச் செய்தியைக் கோடுகளின் இடைவெளி ஒரு பார்வையில் சொல்லிவிடுகிறது. இந்தப் படத்தின் அழகு யாரும் பூசியதல்ல. கடலடியின் வடிவமே கோடாக வந்திருக்கிறது. அலையின் உயரம் இதில் இல்லை, இறந்தவர்களின் கணக்கும் இல்லை. எச்சரிக்கை நிலையத்தில் இருக்கும் அதிகாரிக்கு வேண்டியது எத்தனை நிமிடம் மிச்சம் என்பதுதான். மற்றதெல்லாம் அவருக்கு அந்த நேரத்தில் இடைஞ்சல்.

இரண்டாவது படம் உலகம் முழுவதும் சுற்றியது. நோவா என்று அறியப்படும் அமெரிக்கச் சமுத்திர, வளிமண்டல நிர்வாகத்தின் ஆய்வாளர்கள், அலை உலகக் கடல்கள் எங்கும் எவ்வளவு உயரம் எழும்பியிருக்கும் என்று கணினி மாதிரியில் கணித்து வர்ணம் தீட்டினார்கள். ஆய்வு 2005இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்தது. சுமாத்திராவிலிருந்து வர்ண நாக்குகள் நீண்டு, கடலடி மலைத்தொடர்களைப் பிடித்துக்கொண்டு அத்திலாந்திக், பசிபிக் வரைக்கும் ஓடுகின்றன. அலையின் சக்தி நேர்கோட்டில் போகாமல் கடலடி மேடுகளைத் தொற்றிக்கொண்டு போகிறது என்பதே ஆய்வாளர்களுக்கு அதில் கிடைத்த செய்தி. அதைச் சொல்ல அந்த வர்ணம் தேவைப்பட்டது.

அதே படம் கரையோர வாசகரின் கைக்கு வரும்போது சிக்கல் தொடங்குகிறது. படத்தில் உள்ள உயரம் திறந்த கடலின் உயரம். அதிர்வுக்குப் பிறகு சுமார் இரண்டு மணி நேரம் கழித்து ஜேசன்-1 செய்மதி தற்செயலாக இந்து சமுத்திரத்துக்கு மேலே கடந்தபோது அளந்த அலையின் உயரம் ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர். முழங்காலுக்குச் சற்று மேல்! ஆழக்கடலில் அவ்வளவே எழும்பும் நீர்தான் கரையை அண்டி ஆழம் குறையக் குறைய வேகம் இழந்து, பின்னால் வருவது முன்னால் போவதன் மேல் ஏறி, பனை தென்னைக்கு நடுவே சுவராக நிற்கிறது. வர்ண அளவுகோலை வெட்டிவிட்டு அந்தப் படத்தை மட்டும் மறுபிரசுரம் செய்தால், நிறம் மங்கிய கடற்கரையில் இருப்பவர் தன் ஊருக்கு ஆபத்துக் குறைவு என்று எடுத்துக்கொள்வார். விஞ்ஞானிக்குக் கண்டுபிடிப்பாக இருந்த அழகு கரைவாசிக்குத் தவறான ஆறுதலாக மாறுகிறது. வானவில் நிறவரிசைக்கு இன்னொரு குறையும் உண்டு. மஞ்சளும் சிவப்பும் சந்திக்கும் இடத்தில் கண் ஒரு விளிம்பைக் காண்கிறது. எண்ணில் அப்படி ஒரு விளிம்பே இருக்காது. ஒரே நிறம் வெளிறியதிலிருந்து அடர்ந்ததுக்குப் போகும் வரிசை பார்வைக்குச் சாதாரணம்தான். ஆனால் எது கூட, எது குறைய என்பதில் அது ஏமாற்றுவதில்லை.

மூன்றாவது வகை, மாவட்டங்களை இழப்புக்கு ஏற்ப நிறம் தீட்டிய இலங்கைத் தேசப்படம். அதில் அம்பாறைதான் ஆகக் கறுத்த நிறம். கொழும்பிலோ ஜெனீவாவிலோ உதவி ஒதுக்குபவருக்கு அது போதும். எந்தப் பக்கம் கப்பலை அனுப்புவது என்று தெரிந்துவிடும். ஆனால் அந்தக் கறுப்பு நிறம் கடலைக் கண்ணாலும் காணாத உகனை, தமனை, மஹாஓயா, தெஹியத்தகண்டிய வரைக்கும் பரவிக் கிடக்கிறது. உயிர்கள் போனது கரையோரத்து ஒடுங்கிய பட்டையில். படத்தில் அந்தப் பட்டை பேனை முனையின் தடிப்பு. மாவட்டத்தின் மிகுதிப் பரப்புக் காடும் வயலும் குளமும். பரப்பளவு பெரிதாக இருந்தால் துயரமும் பெரிதாகத் தோன்றும், மாவட்டம் சிறிதாக இருந்தால் துயரமும் ஒடுங்கிவிடும். இது நிறம் தீட்டிய தேசப்படங்கள் எல்லாவற்றுக்கும் பிறவிக்குறை. தேர்தல் முடிவுகளை அப்படி வரையும்போதும் ஆளில்லாக் காடுகள் வெற்றி பெறுவதைப் பார்க்கலாம்.

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2005இல் பாதிக்கப்பட்ட பகுதிகளில் தனிக் கணக்கெடுப்பு நடத்தி, சேதமடைந்த கட்டடங்களையும் ஆட்களையும் கிராம உத்தியோகத்தர் பிரிவு மட்டத்துக்கு இறங்கி எண்ணியது. அந்த அட்டவணைகளை அழகென்று யாரும் சொல்லமாட்டார்கள். வரிசை வரிசையாகப் பிரிவின் பெயர், இலக்கம், முழுச்சேதம், பகுதிச்சேதம். ஆனால் எந்த ஒழுங்கையில் எத்தனை கூடாரம் வேண்டும் என்று பார்க்கும் உத்தியோகத்தருக்கு மாவட்டத்தின் கறுத்த நிறம் ஒரு பயனும் தராது. அவருக்கு இந்த வரிசைதான் படம். 1854இல் லண்டனின் புரோட் வீதியில் கொள்ளைநோய் பரவியபோது மருத்துவர் ஜோன் ஸ்னோ வீட்டு வாசல்தோறும் இறந்தவருக்கு ஒரு கோடு போட்டு அடுக்கியதும் இந்த மட்டத்து விபரம்தான். நகரசபை வட்டாரத்துக்கு ஒரு நிறம் என்று அவர் தீட்டியிருந்தால், கோடுகள் ஒரு தண்ணீர்ப் பம்பைச் சுற்றிக் குவிவது தெரிந்திராது.

நான்காவது படம்தான் ஊரை ஆகக் கூடுதலாக உலுக்கியது. அதில் விபரம் ஆகக் குறைவு. அலைக்குப் பிறகு அரசாங்கம் கடலோரத்தில் மீண்டும் வீடு கட்டத் தடைசெய்யும் வலயம் ஒன்றை அறிவித்தது: தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். தேசப்படத்தில் கரைக்குச் சமாந்தரமாக ஒரு கோடு. இதைவிடச் சுத்தமான வரைபடம் கிடையாது, ஒரு எண், ஒரு கோடு, அவ்வளவுதான். அமைச்சு மேசைக்கும் தொலைக்காட்சிக்கும் பொருத்தமான எளிமை. அந்த எளிமைக்காக விட்டுவிட்டவை நிலத்தின் உயரம், வீடுகளின் நெருக்கம், கோட்டுக்கு உள்ளே இருப்பவருக்கு வெளியே காணி இருக்கிறதா என்ற கேள்வி. மருதமுனைக்கு மேற்கே வயலும் நீர்நிலையும், கிழக்கே கடல். நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலத்தில் 200 மீற்றர் என்பது ஊரின் ஓரம் அல்ல, ஊரில் ஒரு பெரும் பங்கு.

கோட்டின் தடிப்பையும் கவனிக்க வேண்டும். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 அளவுத்திட்டத் தாளில் 200 மீற்றர் என்பது வெறும் 4 மில்லிமீற்றர். அரை மில்லிமீற்றர்ப் பேனையால் கோடு போட்டால் அந்த மையின் அகலமே நிலத்தில் 25 மீற்றர். இந்தக் கரையில் அதற்குள் இரண்டு வளவு அடங்கிவிடும். கோடு மையின் இடது ஓரத்திலா வலது ஓரத்திலா என்பதைப் பொறுத்து ஒரு குடும்பத்துக்கு வீடு உண்டு அல்லது இல்லை. 1:2,000 தாளில் அதே மை ஒரு மீற்றர்தான்; ஆனால் அந்த அளவில் கல்முனைக் கரையைக் காட்டத் தாளுக்கு மேல் தாள் ஒட்ட வேண்டிவரும், மேசையில் விரிக்க முடியாது. நாட்டுக்குக் கொள்கை சொல்லும் படமும் வளவுக்கு எல்லை சொல்லும் படமும் ஒன்றாக இருக்க முடியாது என்பதை இந்த அரை மில்லிமீற்றர் காட்டுகிறது. வலயம் பின்னர் தளர்த்தப்பட்டு, தூரம் இடத்துக்கு இடம் வேறுபட்டது. மருதமுனையில் அது 65 மீற்றரானது. அதற்குள் குடியிருந்தவர்களுக்கென மேட்டுவட்டையில் எழுந்த வீடுகள் ‘65 மீற்றர் வீட்டுத்திட்டம்’ என்றே பேச்சில் நிலைத்துவிட்டன. தாளில் போட்ட கோடு ஊரில் இடப்பெயராகிவிட்டது.

அழகா விபரமா என்ற வாதம் தரவுப்படக் கலையின் வயதே உடையது. கிரிமிய யுத்தத்தில் காயத்தைவிட நோயால் இறந்த படையினரே அதிகம் என்பதைக் காட்ட புளோரன்ஸ் நைற்றிங்கேல் 1858இல் பூ விரிந்தாற்போன்ற வட்டப்படங்களை வெளியிட்டார். பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு இதழ். அட்டவணைகளும் அவரிடம் இருந்தன. அவற்றை அந்த இறப்புகளை விசாரித்த ஆணைக்குழுவுக்குக் கொடுத்தார். பூவை அதிகாரத்தில் இருப்பவர்களின் கண்ணுக்குக் கொடுத்தார். முதலில் வரைந்த வடிவத்தில் இதழின் நீளத்தை எண்ணிக்கைக்கு ஏற்ப வைத்தார். கண் பார்ப்பது நீளத்தையல்ல, பரப்பை. நீளம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகி, கணக்கு ஊதிப்போகும். பிழையை உணர்ந்து, பரப்பே எண்ணிக்கையாகும்படி பின்னர் திருத்தினார். இன்றும் பத்திரிகைகளில் ஒரு நெல்மூட்டையை இரண்டு மடங்கு உயரமாகவும் இரண்டு மடங்கு அகலமாகவும் வரைந்து ‘விளைச்சல் இரட்டிப்பு’ என்று தலைப்பிடுபவர்கள், அவர் விட்டுவிட்ட பிழையைப் பொறுக்கியெடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

1984இல் வில்லியம் கிளீவ்லண்டும் ரொபேர்ட் மக்கிலும் மனிதக் கண் எதைச் சரியாக அளக்கிறது என்று பரிசோதித்தார்கள். ஒரே அடிக்கோட்டிலிருந்து எழும்பும் பட்டைகளின் நுனியை ஒப்பிடுவதில் கண் கெட்டி. கோணத்தில் தடுமாறும், பரப்பில் இன்னும் தடுமாறும், நிறத்தின் அடர்த்தியில் ஆக மோசம். வட்டத்தை வெட்டிப் பங்குபோட்ட படத்தில் 23 வீதத்துக்கும் 26 வீதத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போவது இதனால்தான். அதற்கு ஓராண்டு முன் எட்வேட் டஃப்டி தன் நூலில் தரவைச் சொல்லாத மை வீண் மை என்று வாதிட்டிருந்தார்: கட்டக்கோடு, நிழல், முப்பரிமாணப் பூச்சு, மூலையில் கேலிச்சித்திரம் எல்லாம் குப்பை. ‘ரைம்’ இதழின் நைஜல் ஹோம்ஸ் மறுகரையில் நின்றார். அவர் வரைந்த படங்களில் வைரத்தின் விலைக்கோடு ஒரு பெண்ணின் காலாகும். செலவு கூடினால் பூதத்தின் பல்லாகும். 2010இல் கனடாவின் சஸ்கச்சுவான் பல்கலைக்கழகத்தார் ஹோம்ஸின் படங்களையும் அவற்றின் வெறும் வடிவங்களையும் ஆட்களிடம் காட்டினார்கள். விளங்கிக்கொள்வதில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு, மூன்று வாரம் கழித்துக் கேட்டபோது அலங்கரித்த படங்கள்தான் கூடுதலாக ஞாபகத்தில் இருந்தன. சிறிய ஆய்வுதான். ஆனால் நினைவில் நிற்க வேண்டிய படமும் அளந்து பார்க்க வேண்டிய படமும் வேறு வேறு என்பதை ஒப்புக்கொள்ள வைத்தது. டஃப்டியின் விதி கணக்காளருக்குச் சரி. டெங்கு ஒழிப்புச் சுவரொட்டிக்குச் சரியல்ல.

மருதமுனைக் கைத்தறிக்காரர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. தறியில் பூ விழ வேண்டுமானால் அந்தப் பூ முதலில் கட்டத்தாளில் கிடக்க வேண்டும். நெடுக்குக் கட்டம் ஒவ்வொன்றும் பாவில் ஓர் இழை, குறுக்குக் கட்டம் ஒவ்வொன்றும் ஊடையில் ஓர் ஓட்டம். நிரப்பிய கட்டத்தில் பாவு மேலே, வெற்றுக் கட்டத்தில் ஊடை மேலே. ஒரு கட்டம் பிசகினால் ஓர் இதழ் முறியும். அந்தப் பூ கரை நெடுகிலும் எத்தனை தடவை வருகிறதோ அத்தனை தடவையும் முறியும். நெய்பவருக்கு அந்தத் தாளில் ஒரு கட்டமும் குறையக்கூடாது, ஒரு வர்ணமும் வேண்டியதில்லை. தாளைக் கிட்டப் பிடித்தால் பூவாகத் தெரியாது, கறுப்பும் வெள்ளையுமாகப் படிக்கட்டு. கடையில் சேலை வாங்குபவருக்குக் கட்டக்கணக்கு வேண்டாம். விரித்த தலைப்பு, விளக்கு வெளிச்சத்தில் அதன் நிறம், தோளில் போட்டால் விழும் விதம் போதும். இரண்டும் ஒரே தரவு. கட்டத்தாளை வாங்குபவரிடம் காட்டி அவருக்கு ரசனை இல்லை என்று குறைப்படுவதும், நெய்பவரிடம் புகைப்படத்தைக் கொடுத்து இதுபோல நெய் என்பதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள்.

வயலுக்குப் போனால் கணக்கு இன்னும் நுணுக்கமாகிறது. அம்பாறைக் கரையோர வயல்களில் பெரும்பகுதிக்குத் தண்ணீர் கல்லோயாத் திட்டத்திலிருந்து வருகிறது. 1949இல் வேலை தொடங்கிய அந்தத் திட்டத்தில், இங்கினியாகலையில் அணை கட்டித் தேக்கியதுதான் சேனநாயக்க சமுத்திரம். நாட்டின் மிகப் பெரிய நீர்த்தேக்கம், கொள்ளளவு ஏறத்தாழ 770,000 ஏக்கர் அடி. பெரும்போகம் மாரி மழையோடு போய்விடும். சிறுபோகம் குளத்தில் நிற்கும் நீரை நம்பியது. போகத்தின் ஆரம்பக் கூட்டத்தில் நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஒரு பக்கம், விவசாயிகள் ஒரு பக்கம். நடுவே ஒரு படம் வேண்டும்.

பொறியியலாளரின் படம் வளைகோடு. கிடையாக நீர்மட்டம் அடியில், நிலைக்குத்தாகக் கொள்ளளவு ஏக்கர் அடியில். கோடு முதலில் படுத்துக் கிடந்து, மேலே போகப் போக நிமிர்கிறது. பள்ளத்தாக்கு அடியில் ஒடுங்கி மேலே விரிவதால் மேல்மட்டத்து ஒரு அடியில் கீழ்மட்டத்து ஒரு அடியைவிட எவ்வளவோ தண்ணீர் கூட நிற்கிறது. இந்த வளைகோட்டைக் கூட்டத்தில் விரித்தால் பின்வரிசையில் இருப்பவர் வெளியே போய் வெற்றிலை போடத் தொடங்குவார். கூட்டத்துக்கு ஒரு பீப்பாவை வரைந்து, இவ்வளவுக்கு நீல நிறம் தீட்டினால் எல்லாருக்கும் விளங்கும். டஃப்டி குப்பை என்று சொல்லக்கூடிய படம். இடத்துக்குப் பொருத்தமான படம்.

ஆனால் அந்தப் பீப்பாவில் ஒரு கண்ணி இருக்கிறது. அணைக்கட்டில் போய் அளவுகோலைப் பார்த்த விவசாயி, மட்டம் பாதிக்கு நிற்பதைக் கண்டு வந்திருப்பார். பீப்பாவிலோ நீல நிறம் பாதிக்கு எவ்வளவோ கீழே கிடக்கும். குளம் கூம்பு வடிவம் என்று வைத்துக்கொண்டால் பாதி உயரத்தில் நிற்பது எட்டில் ஒரு பங்கு நீர்தான். உண்மையான குளம் கூம்பு அல்ல. ஆனாலும் வித்தியாசம் அதே திசையில்தான். பொறியியலாளர் தண்ணீரை ஒளிக்கிறார் என்ற சந்தேகம் கூட்டத்தில் எழுவதற்கு இது போதும். நேர்ப்பக்கப் பீப்பாவுக்குப் பதிலாக அடி ஒடுங்கி வாய் அகன்ற கிண்ணத்தை வரைந்தால் மட்டமும் கொள்ளளவும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். விவசாயி கண்ட பாதி மட்டமும் தெரியும், அதில் நீர் ஏன் குறைவு என்பதும் தெரியும். அழகுக்காக எடுத்த வடிவம் விபரத்தையும் சுமக்கிறது. கிண்ணத்தின் ஓரத்தில் ‘இவ்வளவு நின்றால் இத்தனை ஏக்கர் விதைக்கலாம்’ என்று இரண்டு மூன்று கோடு போட்டுவிட்டால் ஏக்கர் அடியை யாரும் கேட்கமாட்டார்கள்.

நிச்சயமில்லாததைக் காட்டுவது எல்லாவற்றிலும் கடினம். சூறாவளி எந்தப் பக்கம் திரும்பும் என்பதை அமெரிக்கத் தேசியச் சூறாவளி நிலையம் ஒரு முனையிலிருந்து விரிந்துகொண்டே போகும் கூம்பாக வரைகிறது. கடந்த சில ஆண்டுகளின் எதிர்வுகூறல் பிழைகளை அளந்து, மூன்றில் இரண்டு தடவை புயலின் மையம் உள்ளே அடங்கும்படி கூம்பின் அகலத்தை வைக்கிறார்கள். அப்படியானால் மூன்றில் ஒரு தடவை மையம் கூம்புக்கு வெளியேதான் போகும். பார்ப்பவர்களோ கூம்பு விரிவதைக் கண்டு புயல் பருக்கிறது என்று நினைக்கிறார்கள். கோட்டுக்கு ஒரு விரற்கடை வெளியே இருப்பவர் தப்பிவிட்டதாக நினைக்கிறார். வழுவழுப்பான விளிம்புதான் குற்றவாளி. எல்லை என்று ஒன்று இல்லாத இடத்தில் அழகான எல்லைக்கோட்டைப் போட்டுவிட்டார்கள். 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை நினைவில் வைத்திருக்கும் மூத்தவர்களுக்கு, மையம் தங்கள் ஊருக்கு மேலால் வராவிட்டாலும் கூரை பறக்கும் என்பது தெரியும். கூம்புப் படத்துக்கு அது தெரியாது. ஒரு கூம்புக்குப் பதிலாகப் பல சாத்தியப் பாதைகளை மெல்லிய கோடுகளாக வரைவது ஒரு மாற்று. அதிலும் தன் ஊரின் மேல் ஒரு கோடு ஓடினால் மற்றக் கோடுகளை மறந்துவிடுபவர்கள் உண்டு.

தமிழில் வரைபவருக்கென்றே சில வில்லங்கங்கள் உண்டு. அட்டாளைச்சேனை, சம்மாந்துறை, நாவிதன்வெளி என்ற பெயர்களை நிலைக்குத்துப் பட்டைகளுக்குக் கீழே எழுத இடம் போதாது; எழுத்தைச் சரித்தால் வாசிப்பவர் கழுத்தைச் சரிக்க வேண்டும். பட்டைகளைக் கிடையாகப் படுக்கவைத்து, பெயர்களை இடப்பக்கம் அடுக்கினால் பிரச்சினை தீர்ந்தது. பென்னம்பெரிய கணினி நிரல்களின் வார்ப்புகள் நிலைக்குத்தாகவே தொடங்குவதால் பலரும் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். எண்ணிலும் அப்படித்தான். 2.5 மில்லியன் என்பதை அமைச்சின் அறிக்கை வாசிப்பவர் உடனே பிடித்துக்கொள்வார். சந்தையில் இருப்பவருக்கு அது 25 இலட்சம். பரப்பை ஹெக்டேயரில் கொடுத்தால் வயற்காரர் மனதுக்குள் ஏக்கருக்கு மாற்றிக்கொண்டிருக்கையில் அடுத்த படம் வந்துவிடும்.

நிறத்தைத் தேர்பவர் போட்டோக் கொப்பி இயந்திரத்தையும் நினைக்க வேண்டும். ஆபத்துக்குச் சிவப்பு, பாதுகாப்புக்குப் பச்சை என்று தீட்டிய தேசப்படம் பிரதேச செயலகத்திலிருந்து பள்ளிவாசல் அறிவித்தல் பலகைக்கு வரும்போது கறுப்பு வெள்ளைப் பிரதியாகத்தான் வரும். இரண்டு நிறமும் ஒரே சாம்பல். ஆண்களில் கணிசமானோருக்குச் சிவப்பும் பச்சையும் பிறவியிலேயே பிரிந்து தெரிவதில்லை. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேருக்கு ஒருவர், ஆசியாவில் அதைவிடச் சற்றுக் குறைவு. நிறத்தோடு கோட்டு வரியோ புள்ளியோ சேர்த்துவிட்டால் பிரதியெடுத்தாலும் விபரம் சாகாது. இப்போது படங்கள் ஊருக்குள் வருவது பெரும்பாலும் வட்ஸ்அப் வழியாக. உள்ளங்கை அகலத் திரையில், ஐந்து முறை கைமாறி மங்கிய நிலையில், மூலையில் உள்ள சிற்றெழுத்து முதலில் அழியும். திகதி அந்தச் சிற்றெழுத்தில்தான் இருக்கும். போன வருடத்து வெள்ள எச்சரிக்கைப் படம் இந்த வருடம் மீண்டும் சுற்றுவதற்கு அதுவே காரணம். திகதியைப் படத்தின் தலைப்பிலேயே பெரிதாக எழுதினால் பார்வைக்கு அவலட்சணம், ஆனால் வேலை செய்யும்.

விபரம் ஆகக் குறைந்த தரவுப்படம் வீதியோரத்தில் நிற்கிறது. சுனாமி வந்தால் எங்கே போவது என்பதைச் சொல்லும் பலகை அது. சர்வதேசத் தரத்தில் அமைந்த சின்னத்தில் அலை ஒன்று சுருண்டு எழ, ஓர் ஆள் சாய்ந்த மேட்டில் ஏறி ஓடுகிறான். ஜப்பானின் பல கரைகளில் மலை கடலுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. படமும் நிலமும் ஒன்று. மருதமுனையில் ஏறுவதற்கு மேடு எங்கே? தட்டையான மணல், பிறகு பிரதான வீதி, பிறகு வயல். சின்னத்தைப் பார்த்து மேடு தேடும் பிள்ளைக்கு மேடு கிடையாது. மேற்கே உள்நாட்டுப் பக்கம் ஓடுவதும் உறுதியான மாடிக் கட்டடத்தில் ஏறுவதும்தான் வழி. உலகத்துக்கெல்லாம் விளங்கும் அழகான சின்னம், இந்த ஊருக்கு வேண்டிய ஒரு விபரத்தை விட்டுவிட்டது. திசை, தூரம், போய்ச்சேரும் இடம் ஆகிய மூன்றையும் அம்புக்குறியோடு தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிச் சேர்த்தால் பலகை உள்ளூருக்கு உரியதாகிறது. நான்காவதாக இன்னொன்றைச் சேர்த்தால் ஓடிக்கொண்டு வாசிக்க முடியாது.

அப்படி ஓட வேண்டிய நாளும் வந்தது. 2012 ஏப்ரல் 11ஆந் திகதி பிற்பகல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் அதிர்ந்தபோது, இலங்கைக் கரையோர மக்களை உள்நாட்டுப் பக்கம் போகச் சொல்லி அறிவித்தல் வந்தது. பேரலை எழவில்லை, எச்சரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது. அம்பாறைக் கரையில் பிரதான வீதி கடலுக்குச் சமாந்தரமாக வடக்குத் தெற்காக ஓடுகிறது. வாகனத்தில் ஏறி அதில் எவ்வளவு விரைந்தாலும் கடலுக்குள்ள தூரம் அதேதான்; குறுக்கு ஒழுங்கைகளில் மேற்கே நடப்பவரே தூரம் போகிறார். ஊர்த் தேசப்படத்தை விரித்து வைத்தால் இது ஒரு பார்வையில் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் யாரும் தேசப்படம் விரிப்பதில்லை. அதனால் பலகை சந்தியில் அல்ல, ஒழுங்கை வாயில் நிற்க வேண்டும். நட்ட பிறகு அந்த ஒழுங்கையில் இருக்கும் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு ‘இது எங்க போகச் சொல்லுது?’ என்று கேட்டுப் பார்க்க வேண்டும். கம்பத்தை நடும்போது கால் சுற்றுத் திரும்பிவிட்டால், மேற்கே காட்ட வேண்டிய அம்பு கரை நெடுக வடக்கே காட்டிக்கொண்டு நிற்கும்.